ஒலி மாற்றமும் உயிர்நிலையும்: ‘இந்தியன் ஓஷன்’ இசைக்குழு பற்றிய ஒரு நோக்கு

மொழி மாறுவது இயல்பென்பதைத் தமிழ் இலக்கண நூலார் நெடுங்காலத்துக்கு முன்னரே ஏற்றுக்கொண்டனர். காலத்துக்கேற்பச் சில சொற்கள் வழக்கொழிவதும் வேறு சில புதிதாய் வந்து சேர்வதும் குற்றமாகா என வரையறுத்தார் நன்னூலார். சொல்லுக்கு அளிக்கப்பெற்ற இவ்வுரிமையை இசைக்கு அளிக்கக் கேட்போர் எளிதில் உடன்படுவதில்லை. இசைக்குழுவொன்று தன் முன்னைய தொகுதியினின்றும் வேறுபட்ட ஒலியோடு புதிய தொகுதியொன்றை வெளியிட்டதும் இருவகைக் குரல்கள் எழுகின்றன. பழைய சுவை போயிற்றே என வருந்துவர் ஒரு சாரார். இதுவன்றோ வளர்ச்சி என மகிழ்வர் மற்றொரு சாரார். முன்னவர் பழக்கத்தை அளவுகோலாக்குகின்றனர். பின்னவர் புதுமையை அளவுகோலாக்குகின்றனர். இவ்விரண்டும் விருப்பு வெறுப்புகளின் வெளிப்பாடே அன்றித் திறனாய்வு ஆகா.

மேலைநாட்டு வரலாற்றிலும் இந்நிலை உண்டு. 1965 ஆம் ஆண்டு யூலை மாதத்தில், அமெரிக்காவின் நியூபோர்ட் நாட்டாரிசை விழாவில், அதுகாறும் தனிக் கிற்றாரோடு பாடிவந்த பொப் டிலன் மின்கிற்றாரோடு மேடையேறினார். அவையில் ஒரு பகுதியினர் கூச்சலிட்டு எதிர்த்தனர். எதிர்த்தவர்களின் கூச்சல் அடங்கிற்று, பாட்டுகள் நிலைத்தன. இதனைச் சான்றாகக் காட்டி, மாற்றம் யாவும் நன்றே எனச் சாதிப்பாரும் உளர். அது பொருந்தாது. ஒலியை மாற்றிக்கொண்டு சுவடின்றி மறைந்த குழுக்கள் எத்தனையோ. ஆகவே, எம்மாற்றம் தக்கது, எம்மாற்றம் தகாதது என்று பிரித்தறிதற்கு ஓர் அளவை வேண்டப்படுகின்றது.

அவ்வளவையைத் தேடித் தொலைவு செல்லவேண்டியதில்லை. புத்தளம் களப்புக்கும் கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் கற்பிட்டித் தீபகற்பத்தில் அமைந்தது நுரைச்சோலை. இன்று நிலக்கரி மின்நிலையத்தால் நாடறிந்த ஊர் அது. ஒருபுறம் அலையடங்கிய களப்பு. மறுபுறம் ஓயாது நுரை தள்ளும் கடல். இக்கரையோரப் பகுதியின் இசை பெரும்பாலும் கடல்வழி வந்ததும் கடற்றொழிலால் வளர்ந்ததுமாகும். போர்த்துக்கேயர் காலத் தொடர்பால் வேரூன்றிய கபிரிஞ்ஞா, பைலா ஆகியவற்றின் துள்ளுநடை இன்று மேற்குக் கரையோரம் முழுவதற்கும் உரிய சொந்த நடையாகிவிட்டது. புத்தளத்தை அடுத்த சிரம்பையடியில் வாழும் ஆபிரிக்க வழித்தோன்றலர், தம் முன்னோர் வழங்கிய ‘மாஞ்சா’ப் பாட்டுகளைத் தலைமுறை தலைமுறையாகப் பாடி வருகின்றனர். சொற்களின் பொருள் பெரிதும் மறந்துபோன பின்னரும், கைதட்டும் தாளமும் கூடிப் பாடும் முறையும் அவர்தம் கூட்டுறவுக்குக் கட்டாக நிற்கின்றன. தெற்கே உடப்பில் கரைவலை இழுப்போர் பாடும் அம்பாப் பாட்டும் அத்தகையதே. ஒருவர் எடுத்துக் கொடுக்க ஏனையோர் ஏற்றுப் பாடுகையில், எல்லோருடைய தோள்களும் ஒரே கணத்தில் வலையை இழுக்கின்றன.

ஆயின், மனிதர் கைவிட்டுப் பொறி வலையை இழுக்கத் தொடங்கும் இடங்களில் அப்பாட்டு மெல்ல ஓய்கின்றது. பின்னர் அது விழா மேடைக்குரிய காட்சிப்பொருளாகவே எஞ்சுகின்றது. இவற்றால் பெறப்படுவது யாதெனின், ஓர் ஒலி வாழ்வதும் மாய்வதும் அதன் பழமையாலோ புதுமையாலோ அன்று. அது செய்யும் தொழிலால் என்பதே. வந்தேறிய ஒலியும் தனக்கொரு தொழில் வாய்க்குமாயின் ஊரொலியாகும். ஊரொலியும் தொழிலிழக்குமாயின் அணிகலனாய்ச் சுருங்கும். எனவே புதிய தொகுதியொன்றைக் கேட்கும் திறனாய்வாளன் வினவவேண்டியவை இரண்டு. புதிதாய்ப் புகுந்த ஒலி, பழைய ஒலியால் இயலாத எதனைச் செய்கின்றது? அவ்வாறு செய்யுங்கால், குழுவுக்கே உரிய உயிர்நிலை காக்கப்படுகின்றதா?

இவ்வளவையை உரைத்துப் பார்ப்பதற்கு ஏற்றதொரு குழு உண்டு. நுரைச்சோலைக் கரையில் வந்து மோதும் நீரும் இந்துமாக்கடலின் ஒரு கூறே. அம்மாக்கடலின் பெயரைத் தமக்குச் சூட்டிக்கொண்ட றொக் இசைக்குழுவொன்று, கடற்காற்றே எட்டாத டில்லி மாநகரில் 1990 ஆம் ஆண்டில் தோன்றியது. ‘இந்தியன் ஓஷன்’ என்னும் அக்குழு தன் ஒலியை இருமுறை மாற்றியது. முதன்முறை தானே விரும்பி மாற்றியது. இரண்டாம் முறை இழப்பினால் மாற்ற நேர்ந்தது. இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்குவது பயனுடைத்து.

குழுவைத் தொடக்கியவர் இருவர்: கிற்றார் வாசித்த சுஷ்மித் சென், தபேலா வாசித்துப் பாடிய அசீம் சக்கரவர்த்தி. பேஸ் கிற்றார் வாசித்த ராகுல் ராம் 1991 இலும், ட்றம்ஸ் வாசித்த அமித் கிலாம் 1994 இலும் சேர்ந்தனர். குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்ட முதற்றொகுதி 1993 இல் வெளிவந்தது. அது பெரும்பாலும் வாத்திய இசையே. சுஷ்மித் சென்னின் கிற்றார், றொக் குழுக்களில் கேட்கும் முழக்கத்தை நாடாது, சரோத்து வாத்தியத்தை நினைவூட்டும் வகையில் ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு நிதானமாக நகர்ந்தது. மேடையில் சப்பணமிட்டு அமர்ந்த அசீம், பிறர் ட்றம்ஸுக்கு ஒப்படைக்கும் பணியின் பெரும்பகுதியைத் தபேலாவினாற் செய்தார். ஒரு சிறு தொடரை எடுத்து, திரும்பத் திரும்ப வாசித்து, ஒவ்வொரு சுற்றிலும் சிறிது விரித்து, இறுதியில் பெருக்கெடுக்க விடுவது அவர்தம் முறை. ஆலாபனையின் பொறுமையும் றொக் இசையின் வேகமும் ஒன்றையொன்று விழுங்காமல் கூடியமைந்த இம்முறையே அக்குழுவின் உயிர்நிலை எனலாம். 1997 இல் மேடை நிகழ்ச்சியொன்றிற் பதிவுசெய்யப்பட்ட ‘டெசர்ட் ரெயின்’ தொகுதியிலும் அதுவே ஓங்கி நின்றது.

2000 ஆம் ஆண்டில் வெளிவந்த ‘கண்டிசா’ இந்நிலையை மாற்றியது. ஏழு உருப்படிகள் கொண்ட அத்தொகுதியில் மனிதக்குரல் நடுவிடத்துக்கு வந்தது. தலைப்புப் பாட்டு, கேரளத்துச் சிரியக் கிறித்தவர் வழிபாட்டில் வழங்கும் பழைய சிரிய மொழித் துதி. ‘மா ரேவா’ நருமதைப் பள்ளத்தாக்கு மக்கள் தம் ஆற்றைத் தாயெனப் போற்றும் நாட்டார் பாட்டு. ரேவா என்பது நருமதையின் மறுபெயர். ‘ஹில்லே லே’ கோரக் பாண்டே என்னும் கவிஞர் உழைக்கும் மக்களின் எழுச்சியைப் போஜ்புரி மொழியில் பாடியது. சொல்லின்றி வளர்ந்த குழு, ஒரே தொகுதியில் வழிபாட்டையும் ஆற்றையும் போராட்டத்தையும் பாடத் துணிந்தது.

இம்மாற்றத்தை முதலாம் வினாவால் சோதிக்கலாம். ராகுல் ராம் நருமதை அணைகளுக்கு எதிரான மக்கள் இயக்கத்தில் ஈடுபட்டவர். ஆறும் அதன் கரையூர்களும் நீரில் மூழ்கவிருந்த வேளையில் அவ்வாற்றின் பாட்டைப் பாடுவது அழகுக்காகச் சேர்த்த ஒன்றன்று. கிற்றார் எத்துணைத் திறம்பட வாசிக்கப்பெறினும் நருமதையின் பெயரைச் சொல்ல அதனால் இயலாது. அதனைச் சொல்லக் குரல் வேண்டும். எனவே குரல் புகுந்தமைக்கு ஒரு தொழில் இருந்தது.

இரண்டாம் வினாவுக்கும் ‘கண்டிசா’ தக்க விடை தருகின்றது. குரல் வந்ததும் வாத்தியங்கள் பக்கவாத்தியமாய்த் தாழவில்லை. குரலே மற்றொரு வாத்தியமாயிற்று. தலைப்புப் பாட்டிற் சொற்கள் மிகச் சிலவே. அச்சில சொற்கள் மெல்லென எழுந்து, சுற்றுக்குச் சுற்று விரிந்து, முடிவில் முழுக் குழுவின் எழுச்சியாகின்றன. முன்னர்க் கிற்றாரின் சிறுதொடர் நடந்த அதே வழியிற் குரல் நடக்கின்றது. சிரிய மொழி அறியாதாரும் அத்துதியில் உருகுவதற்குக் காரணம் இவ்வமைப்பே. பொருள் மறந்த மாஞ்சாப் பாட்டு ஒரு கூட்டத்தைக் கட்டி நிறுத்துவதும் இதனோடு ஒப்பவைத்து எண்ணத்தக்கது. மேலும் அத்தொகுதியில் ‘லீவிங் ஹோம்’ என்னும் சொல்லற்ற உருப்படியும் இடம்பெறுகின்றது. வீட்டை நீங்குதல் எனப் பொருள்படும் அத்தலைப்பு, பழைய ஒலியிலேயே நின்று புதிய ஒலிக்கு விடைகொடுப்பது போல் அமைந்தமை நயமுடைத்து. 2003 இல் வந்த ‘ஜீனி’ தொகுதியில் கபீரின் பாட்டுக்கும் இம்முறையே பயன்பட்டது.

பாட்டுப் புகுந்தபின் கிற்றாரின் தனிமை குன்றிற்று என்பது முதற்றொகுதியை விரும்புவோர் எழுப்பக்கூடிய தடை. அத்தடை முற்றும் பொய்யன்று. முதற்றொகுதியில் வாத்தியங்களுக்கிருந்த தடையற்ற வெளி, பாட்டின் எல்லைக்குள் ஓரளவு சுருங்கவே செய்தது. ஆயின், இழந்தது இடம், பெற்றது பொருள். வரவு செலவைவிட மிகுந்தது என்பதே நடுநிலை முடிபாகும்.

இரண்டாம் மாற்றம் வேறுவகையானது. 2009 டிசம்பர் 25 ஆம் நாள் அசீம் சக்கரவர்த்தி காலமானார். தபேலாவும் தலைமைக்குரலும் ஒரே மனிதரோடு மறைந்தன. அவர் பங்குகொண்டு பதிவான பாட்டுகள், குழுவினர் பயிற்சி செய்த பழைய வீட்டின் முகவரியையே தலைப்பாகக் கொண்டு, ‘16/330 கஜூர் ரோடு’ என 2010 இல் தொடங்கி மாதத்துக்கு ஒன்றாக விலையின்றி வழங்கப்பட்டன. இமான்ஷு ஜோஷி குரலுக்கும் துகீன் சக்கரவர்த்தி தபேலாவுக்கும் வந்தனர். 2013 இல் சுஷ்மித் சென்னும் விலக, நிகில் ராவ் கிற்றாரை ஏற்றார். தொடக்கிய இருவரும் இல்லாத குழு, 2014 இல் ‘தண்டனு’ என்னும் தொகுதியை வெளியிட்டது.

இத்தொகுதியில் விருந்தினர் பலர் பங்குகொண்டனர். சுபா முத்கல், ஷங்கர் மகாதேவன், விஷால் தட்லானி ஆகியோர் குரலும், விசுவமோகன் பட்டின் மோகன வீணையும், குமரேஷின் வயலினும், வி. செல்வகணேஷின் கஞ்சிராவும், கார்ஷ் காலேயின் தாளக்கருவியும் இதில் இடம்பெற்றன. ஒருவரும் குறைந்தவரல்லர். ஒலிப்பதிவும் முன்னைய தொகுதிகளினும் துலக்கமானது. ஆயினும் ‘கண்டிசா’வை எழுப்பிய நெருக்கம் இதில் எல்லா இடத்தும் கைகூடவில்லை. காரணம் விருந்தினரின் திறக்குறைவன்று, திறநிறைவே. ஒவ்வொருவரும் தத்தம் முழுமையோடு வருகின்றனர். ஒரு பாட்டுக்கு வந்து ஒளிவீசி மீள்கின்றனர். சிறுதொடர் பொறுமையாய் விரிவதற்கு வேண்டிய காலமும் பழக்கமும் ஒரு நாள் விருந்திற் கிட்டுவதில்லை.

கருநாடக இசையில் வயலின் புகுந்த வரலாறு இவ்வேறுபாட்டைத் தெளிவாக்கும். மேலைநாட்டிலிருந்து வந்த அக்கருவியை முத்துசாமி தீட்சிதரின் இளவல் பாலுசாமி தீட்சிதரும் தஞ்சை வடிவேலுவும் கற்றுக் கையாண்டனர். நின்று வாசிக்கப்பெற்ற கருவி தரையில் அமர்ந்து வாசிக்கப்பெற்றது. அதன் தலை வாசிப்போரின் காலைச் சார்ந்தது. சுருதி கூட்டும் முறையும் மாறிற்று. நம் பாட்டின் குரலைத் தொடர்ந்து செல்லும் தொழிலை ஏற்றபின்னரே அது நம் வாத்தியமாயிற்று. ‘கண்டிசா’விற் குரல் அவ்வாறு அமர்ந்தது. ‘தண்டனு’வில் விருந்தினர் பலர் நின்றவாறே வாழ்த்திச் சென்றனர்.

எனினும் ‘தண்டனு’வை இகழ்ந்து ஒதுக்குவது அறமன்று. இழப்பை மறைக்காமல், வெற்றிடத்தைப் போலிக்குரலால் நிரப்ப முயலாமல், பிறருக்குக் கதவைத் திறந்த நேர்மை அதிலுண்டு. அசீமைப்போற் பாட ஒருவரைத் தேடிப் பிடித்திருப்பின் பழைய அன்பர் சிலர் மகிழ்ந்திருப்பர். இசை அன்றே நின்றிருக்கும். கோயிற்றேரின் மரங்கள் காலந்தோறும் மாற்றப்படுகின்றன. ஒருமுறை சில்லு, ஒருமுறை அச்சு, ஒருமுறை சிற்பப் பலகை என மாற்றியபின், பழைய மரத்தில் ஒன்றேனும் எஞ்சாதிருக்கலாம். ஆயினும் அதே வீதியில், அதே தெய்வத்தைச் சுமந்து, ஊரார் வடம்பிடிக்க ஓடும்வரை அஃது அவ்வூர்த் தேரே. மாற்றிய மரம் தேரோடு பொருந்திற்றா, ஓட்டத்தில் நெரிகின்றதா என்பதே தச்சனின் கவலையாகும். திறனாய்வாளனின் கவலையும் அதுவே.

பாடசாலைகளிலும் கல்லூரிகளிலும் கிற்றாரும் மிருதங்கமும் ஒருங்கே ஏந்தும் இளைஞர் குழுக்களுக்கு இதிற் கற்கவேண்டியது உண்டு. பழையதை அப்படியே பேணுதல் பற்றென்றும், புதியதைக் கண்டவுடன் சேர்த்தல் துணிவென்றும் மயங்கலாகாது. தமக்குச் சொல்லவேண்டியது யாது என்பதை முதலில் தெளிதல் வேண்டும். அதற்குக் கைவசமுள்ள ஒலி போதுமாயின் அதுவே அமையும். போதாதாயின் எக்கரையிலிருந்து வந்த ஒலியாயினும் தயங்காது அழைக்கலாம். ஆயின், அழைத்த ஒலி தம்மோடு அமர்ந்து பழகுங்காலம் வரை பொறுத்திருத்தல் வேண்டும்.