புல்லின் உயரத்தை யார் எழுதுவது?

மதுரை டிவிஷன் லீக் ஆட்டங்களுக்கு நான் ஸ்கோர் எழுதிய காலத்தில், ஊருக்கு வெளியே ஒரு மைதானம் இருந்தது. கட்டாந்தரையில் மேட் விரித்து ஓரங்களில் ஆணி அறைந்திருப்பார்கள். மேட் சுருங்கிய இடத்தில் பந்து பட்டால் நெஞ்சுக்கு எழும்பும். எல்லைக் கோட்டுக்கு முன்னால் முழங்கால் உயரப் புல். அருமையான கவர் டிரைவ்கூட அதில் சிக்கி 2 ரன்னோடு நின்றுவிடும். அதே அடி நகரத்துக் கல்லூரி மைதானத்தில் 4. புல்லின் உயரத்தை எழுத ஸ்கோர் புக்கில் கட்டம் கிடையாது. சீசன் முடிவில் தேர்வுக்கு உட்கார்ந்தவர்கள் பார்த்ததோ சராசரியை மட்டும்தான்.

பேஸ்பால்காரர்கள் இந்தச் சிக்கலோடு வெகுநாளாக மல்லுக்கட்டுகிறார்கள். 1930இல் அமெரிக்காவின் நேஷனல் லீகில் அத்தனை ஆட்டக்காரர்களும் சேர்ந்து அடித்த சராசரியே .303. 1968இல் அமெரிக்கன் லீகில் கார்ல் யஸ்ட்ரெம்ஸ்கி .301 அடித்தார், அந்த ஆண்டு அந்த லீகில் அதுதான் முதலிடம், லீக் சராசரி .230. முன்னதில் நடுத்தரத்துக்கும் கீழே விழும் எண், பின்னதில் மகுடம். இதைச் சரிசெய்யத்தான் ‘ஓபிஎஸ் பிளஸ்’ என்ற கணக்கு வந்தது. லீக் சராசரியை 100 என்று வைத்து, மைதானத்தின் தன்மையையும் கழித்து, ஆட்டக்காரரை அதோடு ஒப்பிடுவார்கள்.

இந்தக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நம் கிருஷ்ணமாச்சாரி ஸ்ரீகாந்தைப் பாருங்கள். 146 ஒருநாள் ஆட்டங்கள், 4091 ரன், ஸ்ட்ரைக் ரேட் 71.74. இன்றைய பையன்கள் இதைப் பார்த்தால் ‘இவரா அதிரடி?’ என்பார்கள். அதே காலத்தில் ஆடிய கவாஸ்கரின் ஸ்ட்ரைக் ரேட் 62.26. 1983 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் ஸ்ரீகாந்த் எடுத்தது 38தான். ஆனால் இந்தியா 183, வெஸ்ட் இண்டீஸ் 140 என்று முடிந்த அந்த ஆட்டத்தில் இரண்டு பக்கமும் சேர்த்து அதைவிடப் பெரிய ஸ்கோர் கிடையாது. ஒப்பிடாமல் விட்டால் அந்த 38 நம் கண்ணில் படவே படாது.

அதற்காக இந்த ஒப்பீட்டைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் மாட்டேன். லீக் எவ்வளவு வலுவானது என்பதை லீக் சராசரி சொல்லாது. பந்துவீச்சு சோப்ளாங்கியான டிவிஷனில் சராசரியைப்போல் இரண்டு மடங்கு அடித்தவனை மேல் டிவிஷனில் இறக்கினால் என்ன ஆவான்? கணக்கிடம் பதில் இல்லை. எங்கள் லீகில் ஒருவனுக்கு ஒரு சீசனில் கிடைப்பதே விரல்விட்டு எண்ணும் இன்னிங்ஸ். அதில் இரண்டு நாட் அவுட் விழுந்தால் சராசரி எங்கேயோ போய்விடும். இன்னொரு பக்கம் தமிழ்நாட்டு பேட்ஸ்மேன் பத்ரிநாத் இருக்கிறார். முதல்தர ஆட்டங்களில் 10,000 ரன்னுக்கு மேல், சராசரி 54ஐத் தாண்டியது. எந்த ஒப்பீட்டிலும் உச்சியில் நிற்பவர், ஆடிய டெஸ்ட் இரண்டே இரண்டு. நடுவரிசையில் திராவிட், சச்சின், லட்சுமண் இருந்த காலம் அது. இடம் காலியாக இருக்கிறதா என்பது வேறு கணக்கு.

இத்தனை ஓட்டை இருந்தும் எங்கள் மாவட்ட லீகுக்கு இது வேண்டும் என்பேன். ஒவ்வொரு மைதானத்திலும் விழுந்த மொத்த ரன்னை மொத்த விக்கெட்டால் வகுத்து, ஆட்டக்காரரின் சராசரிக்குப் பக்கத்திலேயே எழுதிவைத்தால் போதும். ஸ்கோர் புக் கையில் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. மேலூர்ப் பக்கமிருந்தோ உசிலம்பட்டிப் பக்கமிருந்தோ முதல் பஸ் பிடித்து வந்து, அந்தப் புல்லுக்குள் அடித்து எடுத்த 25க்கு அப்போதுதான் மரியாதை கிடைக்கும்.

2018 தமிழ்நாடு பிரீமியர் லீக் (டிஎன்பிஎல்) இறுதியாட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். திண்டுக்கல் அணி 117 ரன்னில் சுருண்டது. பதிலுக்கு ஆடிய நம் மதுரை பேந்தர்ஸும் தொடக்கத்திலேயே 3 விக்கெட்டை இழந்தது. அங்கிருந்து அருண் கார்த்திக் ஆட்டமிழக்காமல் 75 எடுத்துக் கோப்பையை வாங்கித் தந்தார். வேறொரு நாளில் 75 என்பது ஒரு நல்ல ஸ்கோர், அவ்வளவுதான். அன்றைக்கு எதிரணி முழுவதும் சேர்ந்து எடுத்ததே 117. ஸ்கோர் புக்கில் அந்த இரண்டு எண்ணையும் நான் பக்கத்தில் பக்கத்தில்தான் எழுதியிருப்பேன்.