கோப்பில் இல்லாத பெயர்

‘எம்எம்ஐ மோகனம் சூப்பர்.’ அந்தக் கோப்பின் பெயர் அவ்வளவுதான். மதுரை மணி ஐயரின் ஏதோ ஒரு கச்சேரியிலிருந்து யாரோ வெட்டியெடுத்த பதினோரு நிமிடம். கல்லூரி நாளில் ஒரு பென் டிரைவில் வந்தது. “கேட்டுப் பாரு, ஸ்வரம் அப்படியே ஓடும்” என்று ஒரு வரி சேர்த்து நானும் முப்பது பேருக்காவது அனுப்பியிருப்பேன்.

போன பொங்கலுக்கு காட்பாடி போனபோது பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு அதைப் போட்டுக் காட்டினேன். ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் கணக்கெழுதி ஓய்வுபெற்றவர். ஹெட்ஃபோன் வேண்டாமென்று போனை மேசைமேல் வைக்கச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து, “மிருதங்கம் யாரு தம்பி?” என்றார்.

“தெரியல சார்.”

“நம்ம ராமபத்ரன் மாதிரி இருக்கு. பத்து வருஷமா கேக்குறேன்னு சொன்னியே?”

சுருக்கென்றது. வேலூர் ராமபத்ரன் (1929–2012) பாலாற்றுக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரர். 2004-இல் சங்கீத கலாநிதி விருது பெற்றவர். மணி ஐயருக்கு வாசித்தவர். பெயர் எனக்குத் தெரியும். வாசிப்புத்தான் காதில் ஏறவில்லை.

ஏன் ஏறவில்லை என்று யோசித்தேன். மணி ஐயரின் கற்பனாஸ்வரத்தில் கணக்கு வித்தை குறைவு. சர்வலகுவில், நாமே தொடையில் தாளம் போட்டுக்கொண்டு கூடப் போகலாம் என்பதுபோல ஓடும். அந்த ஓட்டத்துக்கு மிருதங்கம் செய்யவேண்டிய பெரிய வேலை, குறுக்கே வராமல் இருப்பது. ராமபத்ரன் அதில் கெட்டிக்காரர். சத்தத்தைக் குறைத்து, இடைவெளி விட்டு, பாட்டு மூச்சு வாங்கும் இடத்தில் மட்டும் தொப்பியை மெல்லக் குமுறவிடுவார். ‘ஸ்வரம் அப்படியே ஓடும்’ என்று நான் எழுதியதில் பாதி அவருடைய கைவேலை.

மணி ஐயர் 1968-இல் மறைந்தார். 78 சுற்று இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்றரை நிமிடம்போலத்தான் கொள்ளும். இவ்வளவு ஸ்வரத்துக்கு அதில் இடமில்லை. அவருடைய விஸ்தாரமான பாட்டு இன்று நமக்குக் கிடைப்பது, ரசிகர்கள் சபாவிலும் கல்யாண வீட்டிலும் ஸ்பூல் டேப்பில் பிடித்துவைத்ததால். அதைக் கைமாற்றியவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் ஸ்பூல் கேசட்டாகி, கேசட் எம்பி3 ஆனபோது, ஒவ்வொரு நகலிலும் ஏதாவது உதிர்ந்தது. முதலில் தேதி, பிறகு இடம், பிறகு பக்கவாத்தியம். கடைசியில் நம்மைப் போன்றவர்கள் ‘சூப்பர்’ மட்டும் சேர்த்தோம்.

அலுவலகத்தில் யாராவது என் கோடிலிருந்து பெயரை நீக்கினால் சண்டைக்குப் போவேன். இங்கே அதையேதான் நான் செய்திருக்கிறேன்.

துண்டு பகிர்வதே தப்பு என்று சொல்லவில்லை. நானே துண்டில் தொடங்கியவன். ஆனால் துண்டு எப்போதும் உச்சத்தையே தேர்ந்தெடுக்கும். அதிலேயே பழகிய காது, வேகத்தையும் முழக்கத்தையும் மட்டும் வாசிப்பென்று எண்ணிவிடும். அடக்கி வாசித்தவர் முதலில் காணாமல் போவார். என் கோப்பில் வயலின் பதில் சொல்லத் தொடங்கும் இடத்திலேயே வெட்டு விழுந்திருப்பதை அன்றுதான் கவனித்தேன்.

பெங்களூர் ரயிலில் உட்கார்ந்து கோப்பின் பெயரை மாற்றினேன். ‘மிருதங்கம்: வேலூர் ராமபத்ரன்?’ அந்தக் கேள்விக்குறி வேண்டும். பெரியவரின் காதை நம்புகிறேன், ஆனால் அது சான்று ஆகாது. முப்பது பேருக்கும் திரும்ப அனுப்பி, “முழுக் கச்சேரி யார்கிட்டயாவது இருக்கா? வயலின் யாரு?” என்று கேட்டிருக்கிறேன்.

உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள்.