பெயரும் பிறப்பிடமும்

சுத்தி தட்டியதும் செப்புமூடி தீப்பற்றி வெடிக்கும் ரிவால்வர்கள் 1850, 1860ஆம் ஆண்டுகளில் ஐரோப்பாவில் பெருகின. அவற்றைச் சேர்ப்போருள் சிலர், குழல்மேல் ஜெர்மானியர் பெயரைக் கண்டவுடனே ஜெர்மனியில் செய்தது எனத் துணிவர். ஏடெழுதியோனை நூலாசிரியன் எனக் கொள்ளும் பிழை போன்றதே இது. சோமர்டா நகரத்து டிரைசே தொழிற்சாலையின் பெயர் செய்தோனைச் சுட்டும்; வேறு பெயர்கள் பலவோ விற்றோனையே சுட்டும்.

உருளையில், முட்டை வடிவ வளையத்துள், ஈ.எல்.ஜி. என்னும் எழுத்துகள் இருப்பின், அது பெல்ஜியத்து லியேஜ் நகரில் வெடித்துச் சோதிக்கப்பெற்றது. ஜெர்மன் பேரரசு முழுமைக்குமான சோதனைச் சட்டம் 1891இல்தான் இயற்றப்பெற்றது. ஆதலின், அதற்கு முற்பட்ட கருவியில் ஜெர்மன் முத்திரை இல்லாமை, அயல்நாட்டுப் பொருள் என்பதற்குச் சான்றாகாது.

பெயரினும் முத்திரையே வலிய சான்று. துருவை நீக்கப் புகுந்து முத்திரையையும் தேய்ப்போர், அக்கருவியின் வரலாற்றையே தேய்த்து அழிக்கின்றனர்.