புறனடை விழுங்கிய நூல்

இலக்கிய அனுபந்தத்திலே சட்டப் புத்தகத்துக்கு என்ன வேலை என்று நேயர்கள் கேட்கலாம். காவியத்தையும் கதையையும் ஆராய்வதற்கென ஒதுக்கிய பக்கங்களில் ஷரத்துக்களையும் அட்டவணைகளையும் கொண்டுவந்து கொட்டுவது முறையோ எனப் புலவர் பெருமக்கள் முகஞ் சுளிக்கவும் கூடும். ஆயினும், இந்நாட்டில் நம் வாழ்வை எந்தக் காவியத்தினும் மிகுதியாக ஆண்டுவரும் நூல் ஒன்று உண்டு. அதுவே 1957 ஆகஸ்டு 31 முதல் மலாயாவையும், 1963 முதல் மலேசியாவையும் ஆண்டுவரும் அரசியலமைப்புச் சட்டம். ஆளும் நூலைப் படிப்பது ஆளப்படுவோர் கடமை. படித்தபின் குணமும் குற்றமும் கூறுவது விமரிசகன் கடமை.

நம் இலக்கண நூல்களில் விதி முன்னே வரும். விதிக்கு அடங்காத சிலவற்றைச் சொல்லப் புறனடை பின்னே வரும். புறனடை என்பது வாயிற் கதவில் வைத்த சிறு திட்டிவாசல் போன்றது. அதன் வழியாக ஊரே போய்வரத் தொடங்கினால், கதவு இருந்தும் பயன் இல்லை. நம் அரசியலமைப்பின் குறை இதுவே என்பது என் துணிபு. அதிகாரத்தைப் பங்கிடும் விதிகள் அந்நூலில் ஓரளவு செம்மையாகவே உள்ளன. அவற்றை அதன் புறனடைகள் விழுங்கிவிட்டன. ஆதலின் நமக்கு வேண்டுவது புதிய நூல் அன்று. புறனடைகளுக்கு ஓர் எல்லை.

நூலாசிரியர்களை முதலில் அறிவோம். ரீட் பிரபுவின் தலைமையில் அமைந்த கமிஷனில் ஐவர் இருந்தனர். ரீட் பிரபுவும் ஐவர் ஜென்னிங்ஸும் பிரிட்டனைச் சேர்ந்தவர். ஏனையோர் ஆஸ்திரேலியாவின் வில்லியம் மக்கெல், இந்தியாவின் மாலிக், பாகிஸ்தானின் அப்துல் ஹமீது. மலாயாவார் ஒருவரும் இலர். வலிமையுள்ள மத்திய அரசாங்கம் வேண்டும், மாநிலங்களுக்கு ஓரளவு சுயாட்சியும் வேண்டும் என்பது அவர்களுக்கு இடப்பட்ட பணி. பாதுகாப்பு, போலீஸ், கல்வி, தொழிலாளர், சுகாதாரம், வருமான வரி முதலியன சமஷ்டிக்கு, அதாவது இன்று நாம் கூட்டரசு என்று வழங்கும் மத்திய அரசாங்கத்துக்குச் சென்றன. நிலம், காடு, இஸ்லாமிய சமயம், உள்ளூராட்சி ஆகியவை மாநிலங்களுக்கு நின்றன. இதுவே ஒன்பதாம் அட்டவணை.

இப்பங்கீடு ஏட்டில் உள்ள வெறும் வரிசை அன்று. பால்மரக் காட்டில் பிறந்தவனுக்கு இதன் பொருள் நன்கு தெரியும். அவன் உழைப்பு சமஷ்டியின் பட்டியலில்; அவன் நிற்கும் மண் மாநிலத்தின் பட்டியலில். 1950களிலும் 1960களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, வேலையிழந்தவன் எந்த வாயிலைத் தட்டுவது? அன்று சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த வீ. தி. சம்பந்தன் தொழிலாளரின் சிறு சேமிப்பைத் திரட்டி, 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். இரண்டு பட்டியலுக்கும் நடுவே விழுந்த மனிதன் தன் கையையே ஊன்றி எழுந்தான் என்க.

இனி விதியைப் புறனடை விழுங்கிய வரலாற்றைக் காண்போம். மாநிலப் பட்டியலின் நான்காம் இனம் உள்ளூராட்சி. அதில் உள்ளூராட்சித் தேர்தலும் பெயர் சொல்லியே குறிக்கப்பட்டுள்ளது. மலாயாவின் முதல் நகரத் தேர்தல் 1951இல் ஜார்ஜ் டவுனில் நடந்தது. நம் ஈப்போவிலும் மக்கள் வாக்களித்துத் தம் நகர மன்றத்தை அமைத்தனர். டி. ஆர். சீனிவாசகம், எஸ். பி. சீனிவாசகம் என்னும் சகோதரர்களின் மக்கள் முற்போக்குக் கட்சி அம்மன்றத்தைத் தன் வசம் வைத்திருந்தது. கோலாலம்பூரில் ஆண்ட கூட்டணிக்கு எதிர்க்கட்சியாயிருந்தும் ஈப்போவின் சாலையையும் சாக்கடையையும் விளக்கையும் அவர்கள் பராமரித்தார்கள். மத்தியில் ஒரு கட்சியும் ஊரில் மற்றொரு கட்சியும் ஆளலாம் என்பதே சமஷ்டியின் உயிர்நிலை.

1965இல் இந்தோனேசிய மோதலைக் காரணங் காட்டி, அவசரகால அதிகாரத்தின் கீழ் உள்ளூர்த் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. அமைதி திரும்பியதும் தேர்தலும் திரும்பும் எனப் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் நாடாளுமன்றத்தில் உறுதி கூறினார். 1966 ஆகஸ்டில் மோதல் முடிந்தது. தேர்தல் திரும்பவில்லை. உள்ளூராட்சியை ஆராய நம்மவரான ஆதி நாகப்பன் தலைமையில் அமைந்த அரச கமிஷன், மக்கள் தேர்ந்தெடுக்கும் மன்றங்களே வேண்டும் என்று 1968இல் அறிக்கை தந்தது. அப்பரிந்துரையை அரசாங்கம் ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டு உள்ளூராட்சிச் சட்டத்தின் 15ஆம் பிரிவு தேர்தலுக்கே முற்றுப்புள்ளி வைத்தது. தற்காலிகம் என வந்த புறனடை நிரந்தர விதியாகிவிட்டது.

மாநிலத்துக்குரிய பொருளில் சமஷ்டி எவ்வாறு கை வைத்தது? 76ஆம் ஷரத்தின் நான்காம் உட்பிரிவைப் படியுங்கள். சட்டமும் கொள்கையும் நாடெங்கும் ஒருசீராயிருத்தற் பொருட்டு, நிலம், உள்ளூராட்சி ஆகியவற்றில் நாடாளுமன்றம் சட்டம் செய்யலாம் என்கிறது அது. ஒருசீர்மை என்னும் சொல் எளியது. ஆயினும் ஒருசீராகத் தேர்தல் நடத்துவதும் ஒருசீர்மையே. ஒருசீராகத் தேர்தலை ஒழிப்பதும் ஒருசீர்மையே. நூல் எதைக் கருதியது, ஆட்சியாளர் எதைக் கொண்டனர் என்பதை நேயர்களே முடிவு செய்க. பினாங்கு மாநிலம் 2012இல் சட்டமியற்றித் தேர்தலை மீட்க முயன்றது. 2014இல் சமஷ்டி நீதிமன்றம் அம்முயற்சியைத் தள்ளிவிட்டது. ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் வாங்கிக்கொள்ளும் வரவேற்பை நம் ஊரில் விருந்து என்று சொல்லார்.

இக்குற்றத்தில் மாநில அரசாங்கங்களுக்கும் பங்குண்டு என்பதை மறைத்தல் நேர்மையாகாது. தேர்தல் போனபின் மன்ற உறுப்பினரை நியமிக்கும் உரிமை மாநில ஆட்சியாளரிடம் வந்தது. கட்சிக்காரருக்குப் பதவி வழங்கும் வசதியை எவர் எளிதில் விடுவார்? ஆதலால் மத்தியிலிருந்து பிடுங்கி மாநிலத்திடம் கொடுத்துவிட்டால் எல்லாம் நன்றாகும் என்று நான் சொல்லவில்லை. தோட்டத் தொழிலாளனின் குறைந்தபட்ச ஊதியம், 2025 பிப்ரவரி முதல் மாதம் 1,700 ரிங்கிட் ஆனது, சமஷ்டிச் சட்டத்தினால்தான். அவ்வதிகாரம் அங்கேயே இருக்கட்டும். யார் கையில் அதிகாரம் என்பதினும், அக்கையைப் பிடித்துக் கேட்க யாரால் இயலும் என்பதே வினா.

அடுத்து மேலவையைப் பார்ப்போம். நாடாளுமன்றத்தில் மாநிலங்களின் குரலாக அமைந்த சபை அது. 1957இல் பதினொரு மாநிலங்களின் சட்டமன்றங்கள் இருவர் வீதம் 22 பேரை அனுப்பின. நியமனம் பெற்றோர் 16 பேர். இன்று பதின்மூன்று மாநிலங்களிலிருந்து 26 பேர். நியமனம் பெற்றோர் 44 பேர். செக்ரோல் எழுதுகிற கிராணிக்கு இக்கணக்கு பெரிதன்று. அரசியலமைப்பைத் திருத்த இரு சபையிலும் மொத்த உறுப்பினரில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். அன்று 38 பேரில் 26 வாக்கு தேவை. நியமனத்தார் அனைவரும் கை தூக்கினாலும் மாநிலங்களின் பிரதிநிதிகளில் பத்துப் பேரை இணங்கச் செய்தாக வேண்டும். இன்று 70 பேரில் 47 வாக்கு தேவை. நியமனத்தார் 44 பேர் போக மூவர் போதும். பத்து மூன்றாயிற்று. வீட்டுக்காரர் சிறுபான்மையாகி விருந்தாளிகள் பெரும்பான்மையான சபை வீட்டைக் காவாது.

மூன்றாவது, 150ஆம் ஷரத்து. நூல் முதலில் எழுதப்பட்டபோது, நாடாளுமன்றம் ஏற்காவிடில் அவசரகாலப் பிரகடனம் இரண்டு மாதத்தில் காலாவதியாகும். 1960ஆம் ஆண்டுத் திருத்தம் அந்தக் கெடுவை நீக்கியது. 1981ஆம் ஆண்டுத் திருத்தம் நீதிமன்றத்தின் வாயையும் அடைத்தது. 1969இல் பிறந்த பிரகடனம் 2011இல்தான் நீங்கியது. நாற்பத்திரண்டு ஆண்டு வாழ்ந்த அவசரத்தை அவசரம் என்று எந்த அகராதி சொல்லும்? 2021 சனவரியிலும் ஒரு பிரகடனம் வந்தது. மாதக்கணக்கில் நாடாளுமன்றம் கூடவில்லை. இந்தியா 1975ஆம் ஆண்டு அவசரநிலையில் பட்டுத் தெளிந்தது. 1978ஆம் ஆண்டின் 44ஆம் திருத்தத்தால், ஆறு மாதத்துக்கொரு முறை நாடாளுமன்றம் ஒப்புதல் தந்தாலன்றி அங்கு அவசரநிலை நீடியாது. பட்டறிவைக் கடன் வாங்குவதில் வட்டி இல்லை.

தோட்டத்தானுக்கு இவற்றால் என்ன என்று கேட்போர்க்கு இலங்கையைக் காட்டுவேன். நம் நூலை எழுதிய ஜென்னிங்ஸ், இலங்கையின் சட்ட ஆக்கத்திலும் சேனநாயக்காவுக்கு ஆலோசகராயிருந்தவர். எந்தச் சமூகத்தையும் தனித்து ஒடுக்கும் சட்டம் கூடாது என்று அந்நூலின் 29ஆம் பிரிவு கூறிற்று. ஆயினும் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தோட்டத் தமிழர் இலட்சக்கணக்கில் நாடற்றவராயினர்; அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. 1953இல் லண்டன் பிரிவி கவுன்சிலும் அதைச் செல்லும் என்றது. நல்ல வாசகம் மட்டும் ஏழையைக் காவாது. மத்தியின் பெரும்பான்மையை நிறுத்திக் கேட்கும் சபையும் மன்றமும் நீதிபதியும் வேண்டும். அவை வலுவிழந்த நாட்டில் முதலில் விழுபவன் லயத்தில் இருப்பவனே.

இனி என் யோசனைகள் மூன்று. ஒன்று: 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15ஆம் பிரிவை நீக்கி, தேர்தல் நடத்தும் உரிமையை மாநிலங்களுக்கு மீட்டுத் தருக. இரண்டு: மாநிலத்துக்கு மூவராக உயர்த்துதல், மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தல், நியமனத்தைக் குறைத்தல் ஆகிய மூன்றையும் 45ஆம் ஷரத்தின் நான்காம் உட்பிரிவே அனுமதிக்கிறது; அக்கதவைத் திறந்திடுக. மூன்று: 150ஆம் ஷரத்தின் பழைய கெடுவை மீட்டு, நீதிமன்ற விசாரணையையும் திரும்ப அமைத்திடுக. முன்னிரண்டுக்கும் சாதாரணச் சட்டமே போதும். மூன்றாவதற்கே மூன்றில் இரண்டு பெரும்பான்மை வேண்டும். அதுவும் இயலாததன்று. 2022இல் கட்சித் தாவலைத் தடுக்கும் திருத்தத்தை நிறைவேற்றி, உறுப்பினர்கள் தம்மைத் தாமே கட்டிக்கொண்டதைக் கண்டோம்.

உள்ளூர்த் தேர்தல் இனப்பூசலை வளர்க்கும் என்பது எதிர்ப்போரின் வாதம். நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் தேர்தல் நடத்தும் நாடு, சாக்கடைக்கும் தெருவிளக்கும் குப்பைக்கும் நடத்தினால் மட்டும் பிளந்துவிடுமோ? தோட்டம் விற்றுப்போய் தாமான்களிலும் அடுக்கு வீடுகளிலும் குடியேறிய நம் மக்களுக்கு இன்று மிக அண்மையில் இருக்கும் அரசாங்கம் நகர மன்றம். அந்த ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் உரிமைதான் அவர்களுக்கு இல்லை.

நேயர்களே! ஈப்போவிலும் தோட்டங்களிலும் உள்ள வாசக சாலைகள், மன்றங்கள், சங்கங்கள் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி 45, 76, 150 ஆகிய மூன்று ஷரத்துக்களை வாய்விட்டுப் படிக்கட்டும். வாக்குக் கேட்டு வருபவரிடம், மாலையை ஏந்துமுன் இம்மூன்றைப் பற்றிக் கேட்கட்டும். விதியை விதியாகவும் புறனடையைப் புறனடையாகவும் வைக்கக் கற்ற மக்களுக்கே அந்நூல் உரியது.