சீட்டில் இல்லாத நான்காவது வரி

பல் லேபுக்கு வரும் வேலைச் சீட்டில் பெரும்பாலும் மூன்று வரிகள்தாம் இருக்கும்: பல்லின் எண், ஷேட், பொருளின் பெயர். ‘36, ஏ2, ஜிர்கோனியா’ என்று எழுதி அளவுடன் அனுப்பிவிட்டால் தேர்வு முடிந்ததாக மருத்துவரும் நினைக்கிறார், லேபும் நினைக்கிறது. கிரவுனுக்கும் பிரிட்ஜுக்கும் எந்தப் பீங்கான் என்பதைப் பெயரையும் பெட்டியில் அச்சிட்ட வலிமை எண்ணையும் வைத்தே முடிவுசெய்யும் வழக்கம் ஊன்றிவிட்டது. இதில் நியாயம் உண்டு. பெரிய குறையும் உண்டு.

நியாயத்தை முதலில் சொல்ல வேண்டும். பீங்கான் பல்லின் வரலாறே உடைசலோடு நடந்த போராட்டம்தான். டெட்ராய்ட் நகரின் சார்லஸ் லேண்ட் 1880களின் இறுதியில் பிளாட்டினத் தகட்டின் மேல் பீங்கானைச் சுட்டு முழு உறை செய்துகாட்டினார். அழகாக இருந்தது, கடைவாயின் அழுத்தத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. 1965இல் மெக்லீனும் ஹியூஸும் உள்ளுறையில் அலுமினாவைக் கலந்து வலுவூட்டினார்கள். ஆனாலும் பிரிட்ஜ் தாங்கும் அளவுக்கு அது வளரவில்லை. சாதாரண ஃபெல்ஸ்பார் பீங்கானின் வளைவு வலிமை 60 முதல் 100 மெகாபாஸ்கல் வரை. லித்தியம் டைசிலிகேட் ஏறக்குறைய 400. வழக்கமான ஜிர்கோனியா 900க்கும் மேல். உடைந்து திரும்பிய வேலையைக் காசு வாங்காமல் மறுபடி செய்துகொடுத்த எந்த லேபும் இந்த எண்களை மதிக்கத்தான் செய்யும்.

ஆனால் அந்த எண் எதனுடைய எண்? சோதனைக்கூடத்தில் மெருகிட்ட ஒரு சிறு பட்டையை வளைத்து உடைத்துக் கண்டது அது. ஜிர்கோனியா உள்ளுறையின் மேல் நிறத்துக்காக நாம் ஏற்றும் பீங்கான் இன்றும் 100 மெகாபாஸ்கலை ஒட்டித்தான் நிற்கிறது. மெல்லும்போது எதிர்ப்பல் முதலில் தொடுவது அந்த மேலடுக்கைத்தான். உள்ளுறை முழுசாக இருக்க, மேலே மட்டும் சில்லு பெயர்ந்து வரும் கிரவுன்கள் சொல்லும் செய்தி இதுவே.

பீங்கான் அமுக்கத்தைத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. உலோக உள்ளுறையின் மேல் பீங்கானைச் சுட்டு ஏற்றும் மெட்டல் செராமிக் முழுவதும் இந்த ஒரு குணத்தின் மேல்தான் நிற்கிறது. ஒரு டிகிரி சூட்டுக்கு ஃபெல்ஸ்பார் கண்ணாடி பத்து லட்சத்தில் 8 பங்கு அளவு விரியும். வார்ப்பு உலோகம் 14 பங்கை ஒட்டி விரியும். இரண்டையும் அப்படியே சேர்த்துச் சுட்டால் ஆறும்போது பிணைப்பு நிற்காது. வைன்ஸ்டீன் குழுவினர் 1962இல் பெற்ற அமெரிக்கக் காப்புரிமை இதற்கு வழி சொன்னது: லூசைட் படிகத்தைக் கூட்டிப் பீங்கானின் விரிவை உலோகத்துக்கு அருகே உயர்த்துவது. உலோகம் மயிரிழை கூடுதலாகச் சுருங்கினால் பீங்கான் அமுக்கத்தில் நின்று உறுதிபெறும்.

ஜிர்கோனியாவின் விரிவோ 10.5ஐ ஒட்டியது. மெட்டலுக்கான பொடியை அதன் மேல் கட்டினால், ஆறும்போது பீங்கானே அதிகம் சுருங்கி விரிசல் விடும். அதற்கென்றே தயாரித்த பொடியைப் போட்டாலும் கவனம் வேண்டும். ஜிர்கோனியா வெப்பத்தை மெதுவாகவே கடத்துகிறது. ஃபர்னஸைச் சட்டென்று திறந்தால் மேற்புறம் ஆறிய பிறகும் உள்ளே சூடு நின்று, இழுவிசை பீங்கானுக்குள் தங்கிவிடும். பொடியின் பெயர் சரியாக இருந்தும் ஆறவிடும் பொறுமை இல்லாததால் பழுதாகும் வேலைகள் உண்டு.

மேலடுக்கே வேண்டாம் என்று முழு ஜிர்கோனியாவுக்கு மாறியது இந்தச் சிக்கலுக்கு நேர்மையான விடை. சில்லு பெயர்வது குறைந்தது. பல்லைக் குறைவாகச் சீவினால் போதும். ஆனால் வெறும் ஜிர்கோனியா ஒளியை அதிகம் விடாது. ஒளி ஊடுருவ, அதில் கலந்திருக்கும் இட்ரியாவை 3 மோல் சதவீதத்திலிருந்து 5க்குக் கூட்டுகிறார்கள். வலிமை 600 மெகாபாஸ்கலை ஒட்டி இறங்கிவிடுகிறது. ஐ.எஸ்.ஓ. 6872 தரம், கடைவாய்ப்பல் சேர்ந்த மூன்று பல் பிரிட்ஜுக்குக் குறைந்தது 500 மெகாபாஸ்கலும், நான்கும் அதற்கு மேலும் உள்ள பிரிட்ஜுக்கு 800ம் கேட்கிறது. இரண்டு வகையும் ஒரே பெயரில் விற்கின்றன. ஆகவே சீட்டில் ‘ஜிர்கோனியா’ என்று மட்டும் எழுதுவது நெல் என்று சொல்லி ரகத்தைச் சொல்லாமல் விதை கேட்பது போன்றது.

நிறத்திலும் இதே கதைதான். லித்தியம் டைசிலிகேட் முன்பல்லுக்கு உயிர் கொடுக்கும். அமிலத்தால் அரித்துப் பல்லோடு ஒட்டவும் முடியும். ஆனால் அடியில் கறுத்த பல்லோ உலோகப் போஸ்ட்டோ இருந்தால் அதே ஒளி ஊடுருவல் இருட்டை வெளியே காட்டிவிடும். ஏ2 என்று கேட்டது சாம்பலாகத் தெரியும். பழசென்று ஒதுக்கப்படும் மெட்டல் செராமிக், 0.2 – 0.3 மில்லிமீட்டர் ஓபேக் பூச்சாலேயே அந்தக் கறுப்பை மறைத்துவிடுகிறது. நீண்ட பிரிட்ஜுக்கும் கடிக்க இடம் குறைந்த வாய்க்கும் அது இன்றும் பொருந்தும். ஈறோரம் கருமை தட்டுவதும், மலிவான உலோகக் கலவையில் உள்ள நிக்கல் சிலருக்கு ஒவ்வாமல்போவதும் அதன் உண்மையான குறைகள். அந்தக் குறைகளுக்காக அதன் பலத்தை மறந்துவிட வேண்டியதில்லை.

ஒரே நிறுவனத்தின் பொடியோடு பல ஆண்டு பழகும் லேபுகளையும் குறைசொல்ல மாட்டேன். கட்டிய பொடி சுடும்போது கன அளவில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு சுருங்கும். எவ்வளவு பெரிதாகக் கட்ட வேண்டும் என்பது கைக்குத் தெரிய வேண்டும். மாதத்துக்கொரு புதுப் பொடி வாங்கும் லேபுக்கு அந்தக் கை வராது. கைப்பழக்கம் சொத்து, அந்தப் பழக்கத்தை எல்லா வாய்க்கும் பொதுவாக்கும்போதுதான் தவறு தொடங்குகிறது.

பீங்கானுக்குத் தனியே தரம் என்று ஒன்று கிடையாது. அடியில் இருப்பதோடு சேர்ந்தே அதன் தரம் அமைகிறது. ஆகவே சீட்டில் நான்காவதாக ஒரு வரி சேர வேண்டும். சீவிய பல்லின் நிறம், கிடைத்த இடம் எத்தனை மில்லிமீட்டர், எதிரில் இருப்பது இயற்கைப் பல்லா கிரவுனா என்று அந்த வரி சொல்ல வேண்டும். அது காலியாக வந்தால் பொடியைக் கலக்கும் முன் டெக்னீஷியன் மருத்துவரை அழைத்துக் கேட்க வேண்டும். கிரவுனை மறுபடி செய்யலாம். அதற்காக மறுபடி சீவிய பல் வளராது.