ஒன்பதா, பதினான்கா, பதினேழா?

நான்கு கட்டளைகள். முதலாவது, நினைவகத்திலிருந்து ஓர் எண்ணை ரெஜிஸ்டருக்குக் கொண்டுவருகிறது. இரண்டாவது, அதனோடு இன்னொன்றைக் கூட்டுகிறது. மூன்றாவது, அந்தக் கூட்டுத்தொகையிலிருந்து ஒன்றைக் கழிக்கிறது. நான்காவது, கழித்து வந்த விடையை நினைவகத்தில் எழுதுகிறது. கட்டளையை எடுத்தல், பிரித்தறிந்து ரெஜிஸ்டரைப் படித்தல், கணக்கிடுதல், நினைவகத்தை அணுகுதல், விடையை ரெஜிஸ்டரில் எழுதுதல் என ஐந்து கட்டங்கள் கொண்ட பைப்லைனில் இவை முடிய எத்தனை கிளாக் சுழற்சிகள் ஆகும்? கணினிப் பொறியியல் படித்த எவரும் இந்தக் கேள்வியைத் தாண்டித்தான் வந்திருப்பார். கேட் தேர்விலும் இதன் சாயலில் கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன.

எதுவும் எதற்காகவும் காத்திருக்க வேண்டாம் என்றால் 5 + 4 − 1, ஆக 8. இங்கே ஒவ்வொரு கட்டளையும் முந்தையதன் விடைக்காகக் காத்திருக்கிறது. விடை கணக்கிடப்பட்டதுமே அது ரெஜிஸ்டரில் எழுதப்படும்வரை காத்திராமல் அதை அடுத்த கட்டளைக்கு நேராகக் கடத்தும் ஃபார்வர்டிங் வசதி இருந்தால், ஒரே ஒரு ஸ்டால், அதாவது ஒரு சுழற்சிக் காத்திருப்பு, போதும், மொத்தம் 9. ஃபார்வர்டிங் இல்லை, ஆனால் சுழற்சியின் முதல் பாதியில் எழுதியதை இரண்டாம் பாதியில் படிக்கலாம் என்றால், மூன்று இடங்களிலும் இரண்டிரண்டு ஸ்டால், மொத்தம் 14. அந்தப் பாதிச் சுழற்சிச் சலுகையும் இல்லையென்றால் மும்மூன்று ஸ்டால், மொத்தம் 17.

நான்கே வரிகளுக்கு மூன்று விடைகள், மூன்றும் சரி. இந்தப் பயிற்சியின் வலிமை, பலவீனம் இரண்டுமே இங்கேதான் இருக்கின்றன.

முதலில் வலிமை. ஒரு மதிப்பு எந்தச் சுழற்சியின் முடிவில் பிறக்கிறது, அடுத்தவருக்கு அது எந்தச் சுழற்சியின் தொடக்கத்தில் தேவை? இந்த இரண்டு நேரங்களையும் கட்டம் போட்டு எழுதிப் பார்க்காமல் பைப்லைன் யாருக்கும் புரிவதில்லை. கூட்டலின் விடையைக் கடத்தினால் ஸ்டால் முழுக்க மறைகிறது, நினைவகத்திலிருந்து வரும் எண்ணைக் கடத்தினாலும் ஒரு ஸ்டால் மிஞ்சுகிறது என்பதை மனப்பாடம் செய்தவர் அடுத்த வாரம் மறந்துவிடுவார். எண் நான்காம் கட்டத்தின் முடிவில்தான் வருகிறது, கூட்டலுக்கோ அது மூன்றாம் கட்டத்தின் தொடக்கத்திலேயே தேவை என்று தன் கையால் வரைந்து கண்டவர் மறக்கமாட்டார். கம்பைலர் எழுதுபவரும் இப்படித்தான் யோசிக்கிறார்: இரண்டுக்கும் நடுவே தொடர்பில்லாத ஒரு கட்டளையை நகர்த்தி வைத்தால் அந்தச் சுழற்சி வீணாகாது.

இது வெறும் வகுப்பறை விஷயமாகத் தொடங்கியதும் அல்ல. ஜான் ஹென்னஸி 1981இல் ஸ்டான்ஃபோர்டில் தொடங்கிய மிப்ஸ் ஆய்வின் வழிவந்த ஆர்2000 புராசசரில், நினைவகத்திலிருந்து எண் வந்துசேரும்வரை அடுத்த கட்டளையை நிறுத்திவைக்கும் சுற்றே கிடையாது. அந்த இடைவெளியை நிரப்புவது கம்பைலரின் பொறுப்பு. அங்கே எண்ணிக்கை தவறினால் நிரல் மெதுவாகாது. ரெஜிஸ்டரில் கிடந்த பழைய மதிப்பைப் படித்துத் தவறான விடை தரும். சுழற்சிகளை எண்ணத் தெரிவது அந்த வன்பொருளில் பிழைப்புக்கே அவசியம்.

ஆனால் அதே மிப்ஸ் இந்தக் கணக்கின் ஆயுளையும் காட்டிவிட்டது. 1991இல் வந்த ஆர்4000இன் பைப்லைனில் எட்டுக் கட்டங்கள். எண் வந்துசேர இரண்டு சுழற்சித் தாமதம், நிரலின் வேறிடத்துக்குத் தாவச் செய்யும் கிளைக் கட்டளைக்கு மூன்று. மென்பொருளுக்குள் புதைத்து வைத்த "ஒரு சுழற்சி" என்ற கணக்கு பொருந்தாமல் போக, நிறுத்திவைக்கும் வேலையை வன்பொருளே ஏற்க வேண்டியதாயிற்று. கிளைக்கு அடுத்த கட்டளை எப்படியும் ஓடும் என்ற பழைய விதியோ, பயன் குறைந்த பின்னும் சுமையாகத் தொடர்ந்தது. 2010இல் பெர்க்லியில் தொடங்கிய ரிஸ்க்-ஃபைவ் அந்த விதியைச் சேர்க்கவே இல்லை. ஒரு குறிப்பிட்ட பைப்லைனின் எண்ணிக்கையை நிரந்தர விதியாக எழுதிவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

பாடமாகச் சொல்லித்தரும்போது நடப்பதும் ஏறக்குறைய இதுதான். நல்ல கேள்வித்தாள்கள் ஃபார்வர்டிங் உண்டா, கிளையின் முடிவு எந்தக் கட்டத்தில் தெரியும் என்றெல்லாம் சொல்லிவிடுகின்றன. அப்படிச் சொல்லாத கேள்விகளும் பயிற்சிப் புத்தகங்களில் நிறைய. அங்கே மாணவர் யோசிப்பது புராசசரைப் பற்றியல்ல, கேள்வி எழுதியவர் எதை நினைத்திருப்பார் என்பதைப் பற்றி. விடைக்கட்டத்தில் ஓர் எண்ணை மட்டும் நிரப்பும் தேர்வில், 14 என்று எழுதியவரின் அனுமானம் என்ன என்று கேட்க வழியில்லை.

இன்னொரு குறை எனக்குப் பெரிதாகப் படுகிறது. சுழற்சியை எண்ணுபவர்கள் ஒரு சுழற்சி எவ்வளவு நீளம் என்று கேட்பதை விட்டுவிடுகிறார்கள். கிளையின் முடிவை மூன்றாம் கட்டத்திலிருந்து இரண்டாம் கட்டத்துக்கு இழுத்தால் கிளை எப்பக்கம் போகும் என்ற தவறான ஊகத்தின் விலை இரண்டிலிருந்து ஒரு சுழற்சியாகக் குறைகிறது என்று புத்தகம் சொல்கிறது. உண்மைதான். ஆனால் அதற்கு ஒப்பிடும் சுற்றை இரண்டாம் கட்டத்தில் வைக்க வேண்டும். அந்தக் கட்டம் நீண்டால் எல்லாக் கட்டளைகளின் சுழற்சியும் நீளும். போதாக்குறைக்கு, கிளைக்குச் சற்று முன் கணக்கிடப்பட்ட மதிப்புக்காகப் புதிய ஸ்டால்களும் முளைக்கும்.

எதிர்த்திசையில் இதன் விலையைக் கொடுத்தது இன்டெல். 2000இல் வந்த பென்டியம் 4இல் 20 கட்டங்கள். 2004இன் பிரெஸ்காட்டில் 31. கட்டங்களைச் சிறிதாக்கிக் கிளாக்கின் வேகத்தைக் கூட்டினார்கள். நூற்றில் இருபது கட்டளைகள் கிளைகள், அவற்றில் பத்தில் ஒன்று தவறாக ஊகிக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். தவறுக்கு 2 சுழற்சி விலை என்றால் கட்டளைக்குச் சராசரி 1.04 சுழற்சி, 20 சுழற்சி விலை என்றால் 1.4. கிளாக் வேகத்தில் ஈட்டியதில் ஒரு பகுதி ஸ்டாலில் கரைகிறது. சூடும் மின்செலவும் தனி. 2006இல் வந்த கோர் 2 சுமார் 14 கட்டங்களுக்குத் திரும்பியது. சுழற்சி எண்ணிக்கையும் சுழற்சி நீளமும் பெருக்கப்பட வேண்டியவை. ஒன்றை மட்டும் கற்பிப்பது பாதிக் கல்வி.

நினைவகத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். பத்தில் மூன்று கட்டளைகள் நினைவகத்தைத் தொடுகின்றன, அவற்றில் நூற்றுக்கு இரண்டு, தேடிய எண் கேஷ் எனும் வேக நினைவகத்தில் கிடைக்காமல் 100 சுழற்சி காத்திருக்கின்றன என்றால், கட்டளைக்கு 0.6 சுழற்சி கூடுகிறது. ஃபார்வர்டிங் மிச்சப்படுத்திய ஸ்டால்களைப் பெருமையாக எண்ணிக்கொண்டிருக்கும் தாளில் இந்த வரிக்கு இடமே இருப்பதில்லை. டொமாசுலோ 1967இல் ஐபிஎம்முக்காக வெளியிட்ட வழிமுறையின் வழித்தோன்றல்களான, கட்டளைகளை வரிசை மாற்றி ஓட்டும் புராசசர்களிலோ, இந்த ஸ்டால் இந்தக் கட்டளையால் வந்தது என்று கைகாட்டுவதே கடினம். ஒரு கேஷ் தவறல் மொத்த நேரத்தைக் குறைத்துவிடும் விபரீதமும் அவற்றில் நேரலாம் என்று ஆய்வாளர்கள் லுண்ட்க்விஸ்டும் ஸ்டென்ஸ்ட்ரோமும் 1999இல் காட்டினார்கள்.

அதற்காகக் கைக்கணக்கைத் தூக்கிப்போடச் சொல்லமாட்டேன். ஐஐடி மெட்ராஸின் சக்தி புராசசர் வரிசையில் சி-வகுப்பு, கட்டளைகளை வரிசைப்படியே ஓட்டும் ஐந்து கட்டப் பைப்லைன்தான். வாகன பிரேக், மருத்துவக் கருவி போன்றவற்றில், குறித்த நேரத்துக்குள் வேலை முடியும் என்று முன்கூட்டியே நிறுவ வேண்டியவர்கள் இன்றும் எளிய பைப்லைனை விரும்புகிறார்கள். அங்கே கணக்கும் கருவியும் ஒத்துப்போகும்.

மாற்ற வேண்டியது கேள்வியை. அதே நான்கு கட்டளைகளைக் கொடுத்து, 17 சுழற்சி ஆனது என்றும் சொல்லிவிட்டு, இந்த வன்பொருளில் என்ன இல்லை என்று கேட்கலாம். அதை 14 ஆக்க எதை மாற்றுவீர்கள், 9 ஆக்க எதைச் சேர்ப்பீர்கள்? சேர்த்த சுற்று ஒவ்வொரு சுழற்சியையும் எவ்வளவு நீட்டும்வரை 14ஐவிட அந்த 9 உங்களுக்கு லாபம்? கடைசிக் கேள்விக்கு விடை, 14ஐ 9ஆல் வகுத்தால் வரும் எண்ணில் இருக்கிறது: சுழற்சி ஏறக்குறைய 1.55 மடங்கு நீளும்வரை.