டோரதி கனவு காணவில்லை

‘தி விஸார்ட் ஆஃப் ஓஸ்’ படத்தின் கடைசிக் காட்சி. டோரதி தன் கட்டிலில் கண் விழிக்கிறாள். நெற்றியில் ஈரத்துணி. சூறாவளியில் அடிபட்டு மயங்கிக் கிடந்தாளாம். தான் போய்வந்த ஊரைப் பற்றி அவள் சொல்லச் சொல்ல, சுற்றி நிற்கும் பெரியவர்கள் சிரிக்கிறார்கள். எல்லாம் கனவு என்கிறார் அத்தை. இல்லை, அது உண்மையான இடம் என்று டோரதி வாதாடிப் பார்க்கிறாள். பிறகு அதை விட்டுவிட்டு, வீடு திரும்பிய மகிழ்ச்சியில் கரைந்துபோகிறாள்.

முனைவர் பட்ட ஆய்வுக்காக விடுதியில் தங்கியிருந்த காலத்தில் இந்தப் படத்தை முதன்முதலாகப் பார்த்தேன். வீட்டு நினைவில் அழுதேன். பல ஆண்டுகள் கழித்துப் பத்து வயது மகளோடு மறுபடி பார்த்தபோது அவள் அழவில்லை. “அப்ப அவ எங்கயுமே போகலையாம்மா?” என்று கேட்டாள். ஏமாற்றப்பட்டவளின் குரல் அது. அவளுக்குப் பதில் சொல்வதற்காக மூல நூலை எடுத்தேன்.

எல். ஃபிராங்க் பாம் எழுதி 1900இல் வெளிவந்த அந்த நூலில் டோரதி கனவு காணவில்லை. போகிறாள், வருகிறாள். திரும்பும் வழியில் அவளுடைய வெள்ளிக் காலணிகள் பாலைவனத்தில் கழன்று விழுந்துவிடுகின்றன. வெறும் காலுறையோடு கான்சாஸ் புல்வெளியில் வந்து நிற்கிறாள். எதிரே ஒரு புதிய வீடு. பழைய வீட்டைக் காற்று தூக்கிப் போய்விட்டதால் ஹென்றி மாமா கட்டியது. முட்டைக்கோஸுக்குத் தண்ணீர் விட வெளியே வந்த அத்தை, அவளை வாரி அணைத்து எங்கிருந்து வந்தாய் என்று கேட்கிறார். ஓஸ் நாட்டிலிருந்து என்கிறாள் டோரதி. அதை மறுத்து யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. கதை அங்கேயே முடிகிறது. அந்தப் புதிய வீடுதான் அவளுக்குச் சாட்சி.

1939இல் எம்.ஜி.எம். எடுத்த படம், பழைய வீட்டைப் பழைய இடத்திலேயே நிறுத்திவிட்டது. சாட்சி போய்விட்டது, பிறகு அவள் சொன்னது கனவுதானே!

படத்தை நான் வெறுக்கவில்லை. பழுப்பு நிறக் கான்சாஸிலிருந்து டோரதி கதவைத் திறக்க, வண்ணம் வந்து கொட்டும் காட்சியில் இன்றைக்கும் எனக்குப் புல்லரிக்கிறது. ஆனால் அந்த வண்ணத்துக்குள் எதை எதை மாற்றினார்கள் என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

வாளித் தண்ணீரை எடுத்துக்கொள்வோம். நூலில் மேற்குத் திசைச் சூனியக்காரி டோரதியைச் சமையலறை வேலைக்கு வைக்கிறாள். பாத்திரம் தேய்க்க வேண்டும், தரை பெருக்க வேண்டும், அடுப்பு அணையாமல் விறகு போட வேண்டும். ஒருநாள் அவளைத் தடுக்கி விழவைத்து ஒரு காலணியைப் பறித்துக்கொள்கிறாள். திருப்பித் தர மறுக்கிறாள். டோரதிக்குக் கோபம் வருகிறது. அருகிலிருந்த வாளியைத் தூக்கி அவள்மேல் ஊற்றுகிறாள். சூனியக்காரி கரைந்துபோனதும் டோரதி என்ன செய்கிறாள் தெரியுமா? இன்னொரு வாளித் தண்ணீரை ஊற்றிக் கழுவி, அழுக்கையெல்லாம் வாசலுக்கு வெளியே பெருக்கித் தள்ளுகிறாள். காலணியைத் துடைத்துப் போட்டுக்கொள்கிறாள். அடிமை வேலைக்கான வாளியே ஆயுதமாகும் இந்த இடத்தைப் படித்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தேன். படத்திலோ சோளக்கொல்லை பொம்மையின் கையில் பற்றிய தீயை அணைக்கத்தான் அவள் தண்ணீரை வீசுகிறாள். அது தவறிச் சூனியக்காரிமேல் படுகிறது. தண்ணீர் கொல்லும் என்பது நூலின் டோரதிக்கும் தெரியாது. ஆனால் கோபம் அவளுடையது, குறியும் அவளுடையது. படம் அவளுக்கு நல்ல மனதைக் கொடுத்துக் கோபத்தை எடுத்துக்கொண்டது.

பாமின் மாமியார் மட்டில்டா ஜாஸ்லின் கேஜ். அமெரிக்கப் பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடியவர். சூனியக்காரிகள் என்று கொல்லப்பட்டவர்களில் பலர் அறிவுடைய பெண்கள் என்று 1893இல் வெளியான தம் நூலில் வாதிட்டவர். மருமகன் எழுதிய கதையில் சூனியக்காரிகளில் நல்லவர்களும் இருப்பதும், மந்திரவாதி என்று பெயர் வாங்கிய ஆண் வெறும் வித்தைக்காரனாக இருப்பதும் தற்செயலாக எனக்குப் படவில்லை. அதற்காகப் பாமைப் பெண்ணியர் ஆக்கிவிடவும் முடியாது. 1904இல் வந்த அடுத்த நூலில் பின்னல் ஊசி ஏந்திய பெண்கள் படை ஒன்றைக் காட்டி, எலிகளைக் கண்டு ஓடவிட்டுச் சிரிக்கவும் செய்தார்.

டோரதி ஏன் வீடு திரும்ப வேண்டும்? படத்தில் அது அவள் கற்க வேண்டிய பாடம்: மனம் விரும்புவதை வீட்டு முற்றத்துக்கு வெளியே தேடாதே. நூலில் அவள் சொல்லும் காரணம் வேறு. தனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அத்தை துக்கம் காப்பார். விளைச்சல் சரியில்லாவிட்டால் துக்க உடைக்கு மாமாவிடம் பணமிருக்காது. ஏழை வீட்டில் வளரும் பெண்ணின் கணக்கு இது. வீட்டைப் புகழும் பாட்டு எதுவும் இதில் இல்லை.

படம் புகழும் அந்த வீடு எப்படிப்பட்டது? மிஸ் கல்ச் என்ற பணக்காரி, டோரதியின் நாயைப் பிடித்துப்போக ஆணையோடு வருகிறாள். அவளைப் பற்றி மனதில் இருப்பதை 23 ஆண்டுகளாக அடக்கிவைத்திருக்கும் அத்தை, கிறிஸ்தவப் பெண் என்பதால் இப்போதும் அதைச் சொல்லவில்லை. அந்த ஆணை என்ன ஆயிற்று என்பதைப் படம் கடைசிவரை பேசுவதில்லை. டோரதி ஓடிப்போனதற்கான காரணம் அப்படியே இருக்க, அவள் திரும்பி வந்ததைக் கொண்டாடுகிறோம்.

1985இல் வால்டர் மர்ச் இயக்கிய ‘ரிட்டர்ன் டு ஓஸ்’ இதன் அடுத்த படியைக் காட்டுகிறது. ஓஸைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும் டோரதியை, அத்தை மின்சிகிச்சை தரும் மருத்துவரிடம் கூட்டிப்போகிறார். கனவு என்று சொல்லப்பட்டது இப்போது நோய். எப்படியோ தப்பி, ஓஸுக்குப் போய்த் திரும்பிய பிறகு, கண்ணாடியில் ஓஸ் இளவரசி தெரிகிறாள். டோரதி அத்தையைக் கூப்பிடுகிறாள். இளவரசி உதட்டில் விரல் வைத்துத் தடுக்கிறாள். சொல்லாமல் இருக்கக் கற்றுக்கொண்டவளே குணமானவள்.

எட்டாம் வகுப்பில் டவுன் பஸ்ஸில் எனக்கு நடந்த ஒன்றை அம்மாவிடம் சொன்னேன். “உனக்கு அப்படித் தோணியிருக்கும்” என்றார். அம்மா கொடுமைக்காரி அல்ல. நம்பினால் அவர் ஏதாவது செய்தாக வேண்டும். செய்வதற்கு அவரிடம் என்ன இருந்தது?

அகப்பாடல்களை நடத்தும்போது ‘அறத்தொடு நிற்றல்’ என்ற துறையை விளக்குவேன். தலைவி தோழிக்குச் சொல்ல, தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் தமையருக்கும் எடுத்துச் சொல்வது. அதன் முடிவு திருமணம்தான் என்பதால் நான் அதைக் கொண்டாடுவதில்லை. ஆனால் ஒரு பெண்ணின் சொல்லை இன்னொருத்தி ஏற்றுக் கைமாற்றுவதற்கு ‘அறம்’ என்று பெயர் வைத்திருக்கிறார்களே, அதை யோசிக்கிறேன். கான்சாஸில் டோரதிக்குத் தோழி இல்லை.

பாமின் ஆறாவது ஓஸ் நூல் 1910இல் வந்தது. இதில் ஹென்றி மாமாவும் டோரதியைக் கனவு காண்பவள் என்றே எண்ணுகிறார். புதிய வீடு கட்ட வாங்கிய கடனுக்காக வங்கி பண்ணையை எடுத்துக்கொள்ளப்போகிறது. டோரதி இருவரையும் ஓஸுக்கே அழைத்துப்போய்விடுகிறாள். நம்பாதவர்களுக்கு அவள் சொன்ன ஊர்தான் கடைசியில் அடைக்கலம்.

“போனாள்” என்றுதான் என் மகளுக்குப் பதில் சொன்னேன். சில மாதங்கள் கழித்து, பள்ளி வேனில் நடந்த ஒன்றை அவள் சொல்ல வந்தாள். என் வாயில் முதலில் எழுந்தது அம்மாவின் வாக்கியம்தான். “உனக்கு அப்படி” வரை வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். அடுப்பை அணைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்து, “சொல்லு” என்றேன்.